டவர் கெடச்சுதா?

அவ தும்முன சத்தத்த நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல. ஒரே வாடகை ஊட்ல, ஒரே ரூம்ல ரெண்டு வருசம் இருந்தோம். கொல்லிமலைக் குளுரும், அடுப்புப் பொகையும், சாமை தூத்துற தூசியும் யாரு மூக்க விட்டு வச்சுது? அவளுக்கும் தும்மல் வரும். மொகம் சுருங்கும், கண்ணு கலங்கும், ரெண்டு தோளும் காது வரைக்கும் ஏறும். அப்பறம் ஒண்ணுமே நடக்காது. உள்ளயே முழுங்கிருவா. "தும்மித் தொலையேன்டி, மண்டை வெடிச்சிரப் போவுது"ன்னு நான் கத்துவேன். "ஒண்ணுமில்லீங்கக்கா"ன்னு துப்பட்டாவால மூக்கத் தொடச்சுக்குவா.

நான் மலைக்காரி. பல ஊரு சேந்த அரியூர் நாட்டுல பொறந்து, கீழ போயி நர்சுக்குப் படிச்சு, மறுபடியும் மலை ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்தவ. எனக்கு வாய் நீளம். அவ திருச்செங்கோட்டுப் பக்கம். படிச்சு முடிச்ச கையோட விவசாய ஆபீஸ்ல வேலை கெடச்சு மலைக்கு வந்தா. இருவத்தி நாலு வயசு. ஜீப்புல ஏறி வெள்ளாமைக் காடு காடாப் போயி, மொளகுக் கொடிக்கு என்ன நோவு, குச்சிக்கிழங்குக்கு என்ன பூச்சின்னு பாத்து எழுதற வேலை. எங்க ஆளுங்க அவள ஆபீஸ் அம்மிணின்னு கூப்புடுவாங்க. இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருசம் ஆச்சு.

"அடக்கமான புள்ள"ன்னு ஊட்டுக்காரம்மா வாய் ஓயாமச் சொல்லும். ஆபீஸ்லயும் அதே பேச்சு. சிரிச்சாக் கையால வாய மூடிக்கிறது, பசிச்சாச் சொல்லாம இருக்கறது, காலு மொடமானாலும் "பரவால்லீங்க"ங்கறது, எல்லாத்துக்கும் அந்த ஒத்தச் சொல்லுத்தான் பேரு. எனக்கு அந்தச் சொல்லக் கேட்டாலே இப்ப எரியும்.

எங்க ஆஸ்பத்திரியில காலையில நான் கேக்கற மொதக் கேள்வியே "வெளிய போச்சுங்களா?"ங்கறதுதான். எங்க மலை சனத்துக்கு அதுல வெக்கமே கெடையாது. கேட்டது ஒண்ணுன்னா ஒம்போது சொல்லுவாங்க. எப்பப் போச்சு, எத்தன வாட்டி, என்ன நெறம், அதுக்கு முந்தின நாளு என்ன தின்னாங்க, எல்லாம் வரிசையில நிக்கற நாப்பது பேரு காதுலயும் விழுவற மாதிரி. பின்னால நிக்கறவங்க யோசனை வேற சொல்லுவாங்க. இப்பிடிப் பேசிப் பழகுன எனக்கு, சொந்த ரூம்ல ஒருத்தி வாயத் தெறக்காமக் கெடந்தது வெளங்கவே இல்ல.

ஊட்டுல கக்கூஸ் பொறத்தால தனியா இருந்துச்சு. தகரக் கதவு, அடியில ஒரு சாண் சந்து. அதுக்குப் போகணும்னா பக்கெட்டத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்காரங்க வாசலத் தாண்டணும். காலையில அவங்க குடும்பமே அங்கதான் ஒக்காந்து கெழங்கு உரிக்கும். ஊட்டுக்காரம்மா தங்கமான பொம்பள. ஆனா பக்கெட்டப் பாத்தா வாய் சும்மா இருக்காது. "ஏங்கண்ணு, இப்பத்தான போயிட்டு வந்த? வயிறு கிது சரியில்லையா?"ன்னு பாசமாக் கேக்கும். அவ வந்த மொத வாரமே இந்தக் கேள்வியக் கேட்டுது. அதோட சரி, பகல்ல அவ அந்தப் பக்கமே போகல.

பின்ன என்ன பண்ணுனா? டவர் தேடுனா. எங்க ஊர்ல போன் டவர் எல்லா எடத்துலயும் கெடைக்காது. ஊட்டுக்குப் பின்னால மொளகுக் கொடி ஏத்துன சவுக்கு மரங்களத் தாண்டி ஒரு மேடு, அங்க போனாத்தான் கெடைக்கும். யாராச்சும் போனக் கையில புடிச்சுக்கிட்டுப் பொதரு பக்கம் போனா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. "டவர் தேடிட்டு வாரேங்கக்கா"ன்னு அவளும் கெளம்புவா. அம்மாவோட பேசப் போறான்னு நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு நாளு அவ டவர் தேடப் போயிருக்கறா, போன் கட்டுலு மேல சார்ஜுல கெடக்குது.

அவ வந்ததும் போன எடுத்து நீட்டுனேன். எனக்குச் சிரிப்பு தாங்கல. அவ மொகம் வெளுத்துப் போயி, சொவத்தப் பாத்து ஒக்காந்து அழுவ ஆரம்பிச்சுட்டா. அப்பவாச்சும் நான் கம்முனு இருந்திருக்கணும். இல்லாட்டி நர்சாட்டம் நாலு கேள்வி ஒழுங்காக் கேட்டிருக்கணும். நான் அதக் கேலியாக்கிட்டேன். மறுநாளு, "என்னடி, டவர் கெடச்சுதா?"ன்னேன். அவ ஒரு நிமிசம் முழிச்சா. அப்பறம் மெதுவா, "ஒரு கோடு கெடச்சுதுங்கக்கா"ன்னா.

அன்னையிலருந்து அதுதான் எங்க பாசை. "இன்னைக்கு ரெண்டு கோடுங்க." "நாலு நாளாச் சுத்தமா இல்லீங்கக்கா." ஊட்டுக்காரம்மா முன்னாலயே தைரியமாச் சொல்லுவா. ஊமையப் பேச வச்சுட்டேன்னு எனக்கு ஒரே பெருமை. நாலு நாளு இல்லைங்கறது சிரிக்கற விசயமான்னு அன்னைக்கு ஒறைக்கல.

வெள்ளிக்கெழம சாயங்காலம் கீழ போற பஸ்ஸ அவ விட்டதே இல்ல. எழுவது வளைவும் எறங்கி அவ ஊட்டுக்குப் போயி, சனி ஞாயிறு இருந்துட்டு வருவா. திங்கக்கெழம மொகம் தெளிஞ்சிருக்கும். செவ்வாய்க்கெழமையிலருந்து மறுபடி சோத்தக் கொறைப்பா. "தின்னாத்தானுங்களே போகணும்"ன்னு ஒரு வாட்டி வாய் தவறிச் சொல்லிட்டா. பன்னு, டீ, ரெண்டு பிஸ்கட்டு, இதுதான் அவ வாரம். ஊரு பூராச் சுத்திச் சாமையத் தின்னுங்க, கேப்பையத் தின்னுங்கன்னு சொல்ற அம்மிணி அவ. குண்டனி நாட்டுல ஒரு ஊட்டுல மோரு குடுத்தா, குடிக்கற மாதிரி ஒதட்டுல வச்சுட்டு, அந்தம்மா திரும்பறப்பச் செடிக்கு ஊத்திருவாளாம். ஜீப் டிரைவரு எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. ஜீப்புல நாலு ஆம்பளைங்க, அவ ஒருத்திதான் பொம்பள. குடிச்சா எங்க எறங்கச் சொல்லிக் கேப்பா?

அந்த வருசம் மழை புடிச்சுக்கிச்சு. மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுபோச்சு. ரோடு சரியாகறதுக்குள்ள, மழையில நாசமான காட்டையெல்லாம் பாத்து எழுதச் சொல்லி ஆபீஸ்ல லீவு இல்லைன்னுட்டாங்க. ஒரு வெள்ளிக்கெழம போச்சு, ரெண்டாவதும் போச்சு. அவ ஊருக்குப் போகல. மொகம் மஞ்சப் பூத்துப்போச்சு. வயிறு மட்டும் உப்பிக்கிட்டு வந்துச்சு. காலையில ஓங்கரிப்பு வேற. ஊட்டுக்காரம்மா என்னத் தனியாக் கூப்புட்டு, "ஏனுங்கம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் புள்ள முழுகாம கிழுகாம இருக்குதா?"ன்னு கேட்டுது. "வாயக் கழுவுங்க, அது அப்பிடிப்பட்ட புள்ளையா?"ன்னு நான் கத்துனேன். கத்துனது சொவத்துக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டிருக்குது. அன்னைக்கிருந்து வயித்தச் சுத்தித் துப்பட்டாவக் கட்டிக்கிட்டா. மேட்டுப் பக்கம் போறதயும் நிறுத்திட்டா.

மூணு நாளு கழிச்சு அவளே வந்தா. "அக்கா, டவர் இப்ப நிக்கவே மாட்டேங்குதுங்க. தேடாமயே வருது. துணியெல்லாம்..."ன்னு நிறுத்திட்டா. கண்ணுல தண்ணி.

அட, வயித்தால போவுதா, இவ்வளவுதானான்னு நெனச்சேன். அடைச்சது தெறந்துக்கிச்சுன்னு எனக்குச் சந்தோசங்கூட. போறத நிறுத்தற மாத்திரை நாலு குடுத்து, உப்பும் சக்கரையும் போட்டுத் தண்ணி கலக்கிக் குடுத்தேன். மறுநாளு "நின்னுருச்சுங்கக்கா"ன்னா. "பாத்தியா, அக்கா கைராசி"ன்னு பீத்திக்கிட்டேன்.

எனக்கு அப்பவே பத்து வருச சர்வீஸ். இதே விசயத்த வரிசையில வர்ற ஒரு வயசான அப்புச்சி சொல்லியிருந்தா, இதுக்கு முன்னால எத்தன நாளாப் போகல, எவ்வளவு போவுது, வலி எங்கன்னு கேட்டு, வயித்துல கைய வச்சுப் பாத்திருப்பேன். உள்ள கல்லாட்டம் அடைச்சுக்கிட்டு நின்னா, அதச் சுத்திக்கிட்டுத் தண்ணிதான் கசியும். பாக்கறவங்களுக்கு வயித்தால போற மாதிரித் தெரியும். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்ல, பரீட்சையில எழுதி மார்க்கு வாங்குன சங்கதி. ஆனா அவளும் நானும் பேசுன பாசையில கோடுதான் இருந்துச்சு. வயிறே இல்ல.

மூணாம் நாளு காலையில அவ எந்திரிக்கல. பச்சையா வாந்தி எடுத்திருந்தா. மேலெல்லாம் அனலாக் கொதிச்சுது. நான் போர்வைய வெலக்கப் போனேன். ரெண்டு கையாலயும் எங்கையப் புடிச்சுக்கிட்டா. "வேண்டாங்கக்கா." அந்தக் கைய உதறிட்டு, அடிவயித்துல எடது பக்கம் கைய வச்சேன். ஐயோ, கட்டி கட்டியா, கூழாங்கல்லு ரொப்புன பை மாதிரி இருந்துச்சு.

"எத்தன நாளாச்சு?"

போர்வைய இழுத்து மூடிக்கப் பாத்தா.

"டவரு மசுரெல்லாம் வேண்டாம். நேராச் சொல்லு. வெளிய போயி எத்தன நாளாச்சு?"

சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, "கடைசியா ஊருக்குப் போனப்பங்க"ன்னா.

வெரல மடக்கி எண்ணுனேன். பத்தொம்போது நாளு.

எங்க ஆஸ்பத்திரியில டாக்டரு ஒருத்தருதான். சின்ன வயசுக்காரரு. "செத்தாலும் பரவால்லீங்கக்கா, அவருகிட்டச் சொல்லீராதீங்க"ன்னு என் சேலையப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான் சொல்லிட்டேன். அவரு ஓடி வந்து வயித்தத் தொட்டுப் பாத்தாரு. மொகம் மாறிப்போச்சு. "இங்க ஒண்ணும் பண்ண முடியாது சிஸ்டர், ஒடனே கீழ கூட்டிட்டுப் போங்க. குடல் ஓட்டையாச்சுன்னா உசுரு தங்காது"ன்னாரு.

ஆம்புலன்ஸுல நானும் ஏறுனேன். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி சாயறப்ப அவ ஒடம்பு வில்லாட்டம் வளையும். துப்பட்டாவப் பல்லுல கடிச்சுக்கிட்டா. சத்தமே இல்ல. "கத்துடி. கத்தித் தொலை சாமி, ஒன்னக் கும்புடறேன்"னு நான் கெஞ்சுனேன். துப்பட்டாவ வாயிலருந்து எடுத்தா. முன்னால ஒக்காந்திருந்த ஆம்புலன்ஸ் பையனக் கண்ணால காட்டி, "அந்தண்ணனுக்குக் கேக்குமுங்களே"ன்னா. எனக்கு அவளக் கட்டிப் புடிக்கறதா, அறையறதான்னு தெரியல.

கீழ பெரிய ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்தாங்க. பெரிய டாக்டரு என்னக் கூப்புட்டு, பெருங்கொடலு முழுக்க அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு காட்டுனாரு. குளுகோஸ் ஏத்தி, எனிமா குடுத்துப் பாப்போம், ரெண்டு நாளுல போகலேன்னா வயித்தத் தெறக்கணும், அப்பவும் நிச்சயம் சொல்ல முடியாதுன்னாரு. "வேற ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. மாத்திரை பேரச் சொன்னேன். என்ன ஒரு பார்வை பாத்தாரு, ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா ஆறுதலா இருந்திருக்கும்.

அவ அம்மா பஸ்ஸு மாறி ஓடி வந்துச்சு. பச்சக் கொழந்தையாட்டம் அழுதுச்சு. அழுதுக்கிட்டே எங்காதுல, "யாராச்சும் கேட்டாக் காய்ச்சல்னு சொல்லீரட்டுமா கண்ணு? மாப்ள பாத்துக்கிட்டிருக்கறோம்"னு கேட்டுது. அந்தம்மா மேல கோவம் வந்த வேகத்துல அடங்கியும் போச்சு. ஆம்பளைங்க எந்திரிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுக்கணும்னு அதுக்கும் யாரோ சொல்லித்தான வளத்திருப்பாங்க.

மலையில ஆளில்லாம நான் திரும்ப வேண்டியதாப் போச்சு. அவளுக்கு மாத்துத் துணி குடுத்து விடலாம்னு பெட்டியத் தெறந்தேன். ஒரு நோட்டு இருந்துச்சு. எப்பவோ பொம்பளைங்க கூட்டத்துல மலச்சிக்கலப் பத்தி நான் பேசுனத, கடைசி வரிசையில ஒக்காந்து அவ எழுதிக்கிட்டிருந்தா. ஆபீஸ் வேலைக்குன்னு நெனச்சேன். நான் சொன்னது ஒவ்வொண்ணா இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் கீழ பென்சில்ல அவ கணக்கு. "தண்ணி நிறைய குடிக்க வேண்டும் – ஜீப்பில் முடியாது." "கீரை, பழம், சிறுதானியம் – ஊரில் மட்டும்." "தினமும் ஒரே நேரத்தில் போய் உட்கார வேண்டும் – வாசலில் ஆள் இருப்பார்கள்." "வந்தால் அடக்கக் கூடாது." அதுக்குக் கீழ மட்டும் ஒண்ணும் எழுதல. பென்சில வச்சு வச்சு எடுத்த புள்ளி இருந்துச்சு. நான் அந்த நோட்ட மடியில வச்சுக்கிட்டுக் கட்டுலுலயே ஒக்காந்திருந்தேன்.

மறுநாளு காலையில வரிசையில கூட்டம். ரத்தக் கொதிப்பு பாத்துக்கிட்டிருக்கறப்ப போன் அடிச்சுது. அவ அம்மா. ஒரே அழுவாச்சி. "கண்ணு... போயிருச்சு கண்ணு... போயிருச்சு..."

அதோட லைன் கட்டாகிப்போச்சு.

எங்க பக்கம் சின்ன உசுரு போனா அப்பிடித்தான் சொல்லுவாங்க, புள்ள போயிருச்சுன்னு. சொவத்தோட சாஞ்சு அப்பிடியே தரையில ஒக்காந்துட்டேன். "யாருங்க கண்ணு? யாரு போனது?"ன்னு பொம்பளைங்க சுத்திக்கிட்டாங்க. "ஆபீஸ் அம்மிணி"ன்னேன். "ஐயோ, அந்தத் தங்கமா"ன்னு ஒரு வயசான அம்மாயி மாருல அடிச்சுக்கிச்சு. நாலஞ்சு பேரு அழுவ ஆரம்பிச்சாங்க. "நாந்தான் கொன்னேன். நாங் குடுத்த மாத்திரைதான் கொன்னுச்சு"ன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் வெளங்கல.

டாக்டரு வெளிய வந்து என் போன வாங்கித் திருப்பிக் கூப்புட்டாரு. கேட்டாரு. ஒரு நிமிசம் அவரு மொகம் என்னமோ மாதிரி ஆச்சு. போன எங்காதுல வச்சாரு.

"அட, போயிருச்சுன்னுதான கண்ணு சொன்னேன்! காலையில ரெண்டு வாட்டி நல்லாப் போயிருச்சு. வயிறு எறங்கிருச்சு. ஆபரேசனே வேண்டாம்னுட்டாரு டாக்டரு. நம்ம சாமி நம்மளக் கைவிடல கண்ணு!"

எனக்குச் சிரிப்பும் அழுவாச்சியும் ஒண்ணா வந்துச்சு. "என்னாச்சு, என்னாச்சு"ன்னு அம்மாயி என்ன உலுக்குது. வேற என்னத்தச் சொல்லுவேன்? தெனமும் சொல்ற சொல்லுத்தான் வாயில வந்துச்சு. "அம்மிணிக்கு வெளிய போயிருச்சுங்க! பத்தொம்போது நாளாப் போகாதது போயிருச்சுங்க!"

அப்பிடியொரு சத்தத்த நான் எங்க ஆஸ்பத்திரியில கேட்டதில்ல. அழுதவங்கெல்லாம் சிரிச்சாங்க. "எட்டுக்கை அம்மா, காப்பாத்திட்டியே!"ன்னு அம்மாயி கையெடுத்துக் கும்புட்டுச்சு. கடைசியில நின்ன ஒரு அப்புச்சி முன்னால வந்து, "எளக்கமாப் போச்சுங்களா, கட்டியாங்களா?"ன்னு வெவரமாக் கேட்டாரு. பத்து மணிக்குள்ள டீக்கடைக்குப் போச்சு சேதி. மதியம் விவசாய ஆபீஸுக்கு. சாயங்காலம் ஊட்டுக்காரம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, "புள்ளைக்குப் போயிருச்சாமே!"ன்னு கண்ணத் தொடச்சுக்கிச்சு.

அவ மலைக்குத் திரும்பி வரல. கீழயே மாத்தல் வாங்கிட்டா. ஒரு வாரம் கழிச்சுப் போன் பண்ணுனா. கொரலு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு.

"அக்கா, அங்க யாருக்கும் தெரியாதில்லீங்க?"

"ஒருத்தருக்கும் தெரியாது கண்ணு. காய்ச்சல்னுதான் சொல்லியிருக்கறேன்."

அப்பறம் சொன்னா. "நீங்க மட்டும் அந்த மாத்திரையக் குடுக்கலேன்னா அந்த ரெண்டு நாளு நான் என்ன ஆயிருப்பேன்னே தெரியலீங்கக்கா. அம்மாகிட்டச் சொல்லிட்டே இருக்கறேன். ஒங்களாலதான் பொழச்சேங்க."

நாப்பது பேரு முன்னால தலையில அடிச்சுக்கிட்டுக் கத்துன வாய் எனக்கு. "தண்ணி நெறையக் குடி சாமி"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போன வச்சுட்டேன்.